நாலு பூட்டு

சிறைப் பண்ணை, நான்காம் கூடம்
6 செப்டம்பர் 2009

அன்புத் தங்கை ரோனெல்லுக்கு,

அண்ணன் ஆல்சிட் எழுதுவது. உடம்பு தேவலாம். வெண்டைக்காய் பறித்துப் பறித்துக் கை இரண்டும் சுனையில் அரிக்கிறது, வேறு குறை இல்லை. அம்மாவின் ரத்தக்கொதிப்பு எப்படி? மாத்திரையை இன்னும் பாதியாக உடைத்துத்தான் விழுங்குகிறாளா? வேண்டாம் என்று சொல். கோழி வெட்டி வீங்கிய உன் மணிக்கட்டு வடிந்ததா?

நேற்று ஃபுட்பால் ஆட்டம் கேட்டோம். கூடம் முழுவதற்கும் ஒரே ரேடியோ. எதிராளி எறிந்த பந்து இன்னும் வானத்தில்தான் இருக்கிறது, "ஜாவோரிஸ் திரும்பிட்டான், ஜாவோரிஸ் எழும்பிட்டான்" என்று அறிவிப்பாளர் கத்துகிறார். பக்கத்துக் கட்டில்காரன் பாஸ்கம் கட்டில் மேல் ஏறிவிட்டான். பிடுங்கிவிட்டான், ரோனெல்! நம் தம்பி! கோழிக்கூட்டில் நுழைந்து ஒரு கோழியைப் பிடித்துவரத் தெரியாத பயல்!

பெல்ரோஸ் கல்லூரிப் பின்வரிசையில் அவனோடு சேர்த்து நான்கு பேரையும் சனங்கள் 'நாலு பூட்டு' என்றே அழைக்கிறார்களாமே. எந்தப் பந்து வந்தாலும் வழி அடைபட்டுவிடும் என்று. பந்தைப் பிடுங்கியதும் மைதானத்தில் ரசிகர்கள் ஆளாளுக்கு ஒரு பூட்டைத் தலைக்கு மேலே தூக்கிச் சொடுக்குகிறார்களாம். ரேடியோவில் அது தகரக் கூரையில் மழை விழுவதுபோல் கேட்கிறது. எங்களிடமும் பெட்டிக்கு ஆளுக்கொரு பூட்டு உண்டல்லவா? அதைக் கட்டில் கம்பியில் அடிக்கிறோம். காவலர்கள் தடுப்பதில்லை. அவர்களும் தடியால் அடிக்கிறார்கள். பூட்டி வைக்கப்பட்டவர்கள் பூட்டைக் கொண்டாடுகிறோம். சிரிக்கத் தோன்றினால் சிரி.

இப்போது ரேடியோவுக்குப் பக்கத்து இடம் எனக்கு. என் பெட்டியில் யாரும் கை வைப்பதில்லை. தபால் அறைக் காவலர் கில்போவைப் பற்றி எழுதியிருக்கிறேன், பச்சைத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர், வாரம் தவறாமல் ரேடியோவின் 'ரசிகர் நேர'த்துக்குப் போன் செய்கிறவர். நேற்று வரிசையில் என்னை நிறுத்தினார். "டேய் ஆல்சிட், உன் தம்பி கணுக்கால் எப்படிடா இருக்கு? நல்லாத் தூங்குறானா?" இந்த ஏழு வருடத்தில் என் கணுக்காலை ஒருவரும் விசாரித்ததில்லை.

உள்ளே வருவது, வெளியே போவது எல்லாவற்றையும் திறந்து படிக்கிறவர் அவர்தான். கில்போ ஐயா, வணக்கம். நம்ம பையன் நல்லாத் தூங்குகிறான்.

உன் அண்ணன்,
ஆல்சிட்


16 செப்டம்பர் 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அவள் சுகமே. மாத்திரையை உடைத்துத்தான் விழுங்குகிறாள், நான் சொன்னால் கேட்கிறாளா? என் மணிக்கட்டைப் பற்றிக் கேட்காதே. உன் அரிப்புக்குச் சோற்று வடிநீர் தடவு, கிடைத்தால்.

ஊர் கிறுக்குப் பிடித்து அலைகிறது. கோழி வெட்டும் ஆலையில் மேற்பார்வையாளன் என் பக்கத்தில் வந்து நின்றான். "ஏம்மா, நீதான் ஜாவோரிஸோட அக்காவா? சொல்லவே இல்லையே!" மறுநாள் என்னைக் குளிரறையிலிருந்து மாற்றிப் பொட்டலம் கட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டான். மூன்று வருடமாகக் கெஞ்சியது அது. தேவாலயத்தில் போதகர் நோயாளிகளுக்கு முன்னால் நாலு பூட்டுக்காக ஜெபிக்கிறார். மளிகைக் கடைக்காரி ஜாவோரிஸின் கன்னத்தில் முத்தம் வைத்தாள். போன வருடம் அவன் பையைத் திறந்து காட்டச் சொல்லிக் கதவை மறித்தவள் அவள்தான். நான் அவளையே பார்த்தேன். அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஞாயிறு வந்திருந்தான். சிவப்பு பீன்ஸும் சோறும் மூன்று தட்டு. அவன் சொன்ன கதையைக் கேள். ஆட்டக்காலம் தொடங்குமுன் கம்ப்யூட்டரில் மூளைக்கு ஒரு சோதனை வைப்பார்களாம். படத்தை ஞாபகம் வை, எண்ணைத் தலைகீழாகச் சொல் என்று. தலையில் அடிபட்டால் அதே சோதனை மறுபடி. மதிப்பெண் முன்பைவிடக் குறைந்தால் ஆட விடமாட்டார்கள். "அதனால நாங்க நாலு பேரும் முதல்லயே முட்டாளா எழுதிட்டோம்க்கா. முட்டாளுக்குக் கீழ எங்க குறையப் போகுது?" அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

போகும்போது சொன்னான்: "தொழில்முறை அணி என்னை எடுக்கட்டும்க்கா. முதல் வேலை அண்ணனுக்கு வக்கீல். ஜூரி பன்னிரண்டு பேர்ல ரெண்டு பேர் குத்தமில்லைன்னு கை தூக்கியும் நாப்பது வருஷம் போட்டாங்களே. அதை ஒரு நல்ல வக்கீல் விடுவானா?"

கில்போ ஐயா, அந்தக் கடைசி வரியை நீங்களும் படியுங்கள்.

தங்கை,
ரோனெல்


27 செப்டம்பர் 2009

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

சோதனைக் கதையைக் கில்போ தபால் அறை முழுக்கச் சொல்லிவிட்டார். "உன் தம்பி கெட்டிக்காரன்டா" என்று என் முதுகில் தட்டினார். எல்லா ஆட்டக்காரனும் செய்வதாம். அவர் மருமகனும் பள்ளியில் செய்தானாம்.

வக்கீல் பேச்சை நான் பாஸ்கமிடம் மட்டும் சொன்னேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. வெளியே வந்தால் முதலில் என்ன செய்வேன் என்று அவன் கேட்டான். கதவை நானே திறந்து நானே சாத்துவேன் என்றேன். கிண்டல் செய்தான்.

ஒன்று கேட்க வேண்டும். நேற்றைய ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் ஜாவோரிஸ் ஒருவனை மோதி வீழ்த்தியபின் எழ நேரமாயிற்று என்று ரேடியோவில் சொன்னார்கள். "அடிச்சவனும் படுத்துட்டான், அடிபட்டவனும் படுத்துட்டான்" என்று சிரித்தார்கள். பிறகு எழுந்து ஆடினான், கூட்டம் பூட்டைச் சொடுக்கியது. அவன் நன்றாகத்தானே இருக்கிறான்? ஒரு வரி எழுது.

அண்ணன்,
ஆல்சிட்


8 அக்டோபர் 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். பதில் எழுதத் தாமதம், ஆலையில் இரட்டை ஷிப்டு.

ஜாவோரிஸ் நன்றாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தான். சாப்பிட்டான். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று திரையை இழுத்துவிட்டுச் சோபாவில் படுத்தவன் சாயங்காலம் வரை எழவில்லை. பயிற்சியில் களைப்பு. சோதனையெல்லாம் வைத்தார்கள், தேறிவிட்டான்.

மழை இன்னும் விடவில்லை. அம்மா உன் நீலச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள், ஏன் என்று தெரியவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோனெல்


25 அக்டோபர் 2009

அன்புத் தங்கைக்கு,

உடம்பு பரவாயில்லை. இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அம்மாவுக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. சாவுச் செய்தியே வந்தாலும் காவலர் வந்து சொல்வதைவிட உன் எழுத்தில் படிப்பது மேல்.

நேற்றும் வென்றோம். ஆனால் ஒரு விஷயம் என்னை அரிக்கிறது. "ஜாவோரிஸ் தப்பான பக்கம் நிக்கிறான், கூட்டாளி தோளைப் பிடிச்சுத் திருப்பி விடுறான்" என்றார் அறிவிப்பாளர். இரண்டு தடவை. கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள், எதிராளியை ஏமாற்றும் வித்தை என்று. நான் பள்ளியில் அதே இடத்தில் நின்று ஆடியவன். அப்படி ஒரு வித்தை இல்லை, ரோனெல்.

வீட்டுப் போனை மறுபடி இணைக்க முடியாதா? எழுது. எதையாவது எழுது.

ஆல்சிட்


1 நவம்பர் 2009

அண்ணனுக்கு,

அம்மா சுகம், நான் சுகம். இந்தக் கடிதம் ஜாவோரிஸைப் பற்றியது.

அவன் சரியாக இல்லை. செப்டம்பர் அடிக்குப் பிறகு இன்னும் இரண்டு அடி வாங்கியிருக்கிறான், வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. காலையில் வாந்தி எடுக்கிறான். போன ஞாயிறு நம் தெருவைத் தாண்டிப் போய்விட்டு, அடுத்த தெருவில் நின்று அழுதிருக்கிறான். விடுதிக்குப் போய்ப் பார்த்தேன். கதவில், சுவரில், குளியலறைக் கண்ணாடியில் எல்லாம் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறான்: "செவ்வாய், பயிற்சி", "சாவி சட்டைப்பையில்", "இடப்பக்கம் நில்". அறைக் கூட்டாளி சொல்கிறான், "எங்க எல்லாருக்கும் கொஞ்சம் அப்படித்தான்க்கா இருக்கு." சொல்லிவிட்டுச் சிரிக்கிறான்.

அணி உடல்நல அதிகாரியிடம் போனேன். முன்னாலேயே வைத்த சோதனை பொய் என்று சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதோ பாரும்மா, அவன் மூணு தடவை தேறியிருக்கான். காகிதம் இருக்கு. நீ சொல்றது உண்மைன்னா, அவன் கல்லூரியை ஏமாத்தியிருக்கான்னு அர்த்தம். உதவித்தொகை போயிடும். படிப்பு போயிடும். அதையா எழுதிக்கச் சொல்றே?"

"அவன் உசிரைப் பாருங்கன்னு சொல்றேன்."

"அவன் மேஜர்ம்மா. அவனே கையெழுத்துப் போட்டிருக்கான். நீ யாரு?"

வெளியே வந்தால் வேலி முழுக்கப் பூட்டு தொங்குகிறது. ரசிகர்கள் மாட்டியவை. அவன் எண் எழுதிய பூட்டுகள்தான் அதிகம்.

'ரசிகர் நேர'த்துக்கு ஆலைப் போனிலிருந்து கூப்பிட்டேன். அவன் அக்கா பேசுகிறேன் என்றேன். "இன்னிக்கு நாலாவது அக்கா நீங்க" என்று வைத்துவிட்டார்கள்.

உன் பேச்சுக்கு மட்டும்தான் அவன் கொஞ்சமாவது காது கொடுப்பான். நிறுத்து என்று அவனுக்கு எழுது. இன்றே எழுது.

ரோனெல்


10 நவம்பர் 2009
(பாஸ்கமின் மனைவி கையில்)

ரோனெல்லுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். இதைக் கில்போ படிக்கமாட்டார், பாஸ்கமின் மனைவி உடைக்குள் மறைத்து எடுத்து வருகிறாள். உன் பதிலையும் அவளிடமே கொடு.

உன் கடிதம் ஜன்னல் ஜன்னலாக வந்தது. "இந்தக் கடிதம் ஜாவோரிஸைப் பற்றியது" என்பதற்குக் கீழே எல்லாவற்றையும் பிளேடால் வெட்டியிருக்கிறார். மிஞ்சியது "வேலி முழுக்கப் பூட்டு", அப்புறம் "இன்றே எழுது". எதை எழுத?

கில்போவிடம் கேட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது, சத்தியமாக.

"வேணாம்டா ஆல்சிட். மார்ஷ்லேண்ட் ஆட்டம் முடியட்டும். பத்து வருஷமா அவங்ககிட்டத் தோத்துட்டு இருக்கோம். இந்த நாலு பையன்க மாதிரி என் ஆயுசுல பாத்ததில்லடா. அப்புறமா தரேன், முழுசாத் தரேன். பத்திரமா வச்சிருக்கேன்."

சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். வெட்டிய துண்டுகள் அங்கேதான் இருக்கின்றன.

எனக்குப் புரிந்துவிட்டது. தலை, இல்லையா? ரேடியோவில் கேட்டபோதே தெரியும்.

நான் மூன்று நாள் யோசித்தேன். உன்னிடம் நல்லவன் வேடம் போடப்போவதில்லை. மார்ஷ்லேண்ட் ஆட்டத்துக்குத் தொழில்முறை அணிகளிலிருந்து ஆள் வருவார்கள். நவம்பர் 28. அதுவரை அவன் தாக்குப்பிடிக்க முடியாதா? மோதாமல், ஒதுங்கி ஆடட்டும். எனக்கு இருபத்தாறு வயது. நான் வெளியே வரும்போது ஐம்பத்தொன்பது. வேறு கதவு எனக்கு இல்லை, ரோனெல்.

ஆல்சிட்


15 நவம்பர் 2009
(பாஸ்கமின் மனைவி கையில்)

ஆல்சிட்,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

மோதாமல் ஒதுங்கி ஆடுவதா? நீயும் அந்த இடத்தில் நின்றவன்தானே? ஓடி வருகிறவனைத் தலையால் முட்டித் தள்ளுவதற்குத்தானே அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்? ஒதுங்குகிறவனுக்கு எவன் பூட்டைச் சொடுக்குவான்?

உன் கடிதத்தை அவனிடம் காட்டவில்லை. நீயே நிறுத்தச் சொன்னதாகப் பொய் சொன்னேன். "அண்ணனுக்காகத்தான் ஆடுறேன், அண்ணன் சொன்னாலும் நிறுத்தமாட்டேன்" என்றான். பெரிய மனுஷன்போல் சொல்லிவிட்டு, ஷூ நாடாவைக் கட்டத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து கட்டிவிட்டேன்.

நேற்று ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேசையில் நான்கு தட்டு வைத்தான். அம்மா, "யாருக்குடா நாலாவது?" என்றாள்.

"அண்ணனுக்கு. இன்னும் வேலை விட்டு வரலையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். "வருவான்டா" என்றாள் அம்மா. அவன் காத்திருந்தான். பீன்ஸ் ஆறிப்போகும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உன்னை வெளியே கொண்டுவருவதற்காக ஆடுகிறவனுக்கு, நீ உள்ளே இருப்பதே ஞாபகம் இல்லை.

இனி உன் விருப்பம்.

ரோனெல்


சிறைப் பண்ணை, நான்காம் கூடம்
22 நவம்பர் 2009

அன்புத் தங்கை ரோனெல்லுக்கு,

அண்ணன் ஆல்சிட். சுகம். அம்மாவும் நீயும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை.

இதை ஒரு ரசிகனாக எழுதுகிறேன். சனிக்கிழமை மார்ஷ்லேண்டிடம் நாம் தோற்கப்போகிறோம். எனக்குத் தெரிகிறது, ஊருக்குத் தெரியவில்லை. காரணம் ஜாவோரிஸ்.

அவன் இப்போது பழைய ஜாவோரிஸ் இல்லை. சைகை கொடுத்தால் மறந்துவிடுகிறான். தப்பான பக்கம் நிற்கிறான், பக்கத்திலிருப்பவன் திருப்பிவிட வேண்டியிருக்கிறது. போன இரண்டு ஆட்டத்தில் எதிராளிகள் கற்றுக்குட்டிகள், கண்டுகொள்ளவில்லை. மார்ஷ்லேண்ட் பயிற்சியாளன் கண்டுகொள்வான். முதல் பந்திலிருந்தே அவன் பக்கம்தான் எறிவான். ஒரு பூட்டு உடைந்திருந்தால் மற்ற மூன்று பூட்டால் என்ன பயன்? பத்து வருடத் தோல்வி பதினொன்றாகும். அவனுக்குப் பதிலாகத் திறமான ஒரு பொடியன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று ரேடியோவிலேயே சொல்கிறார்கள்.

இது பயிற்சியாளரின் காதுக்குப் போனால் இன்னும் வெல்லலாம். ஆனால் நீ சொன்னால் எடுபடாது, உள்ளே இருக்கும் நான் சொன்னால் யார் கேட்பார்கள்? ரசிகர்கள் மதிக்கிற ஒரு பழைய ரசிகர், கையில் ஆதாரத்தோடு, செவ்வாய்க்கிழமை 'ரசிகர் நேர'த்தில் சொன்னால் மட்டுமே எடுபடும். அப்படிப்பட்ட ஒருவர் இருந்தால், வெற்றி அவர் கொடுத்த வெற்றி என்று மாநிலமே சொல்லும்.

எனக்கு அவன் உடம்பைப் பற்றிக் கவலை இல்லை. ஆட்டத்தைப் பற்றித்தான் கவலை.

அண்ணன்,
ஆல்சிட்


4 டிசம்பர் 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா படுத்திருக்கிறாள், தலைச்சுற்றல். நான் நிற்கிறேன்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ஒரு வெட்டு இல்லை. கடைசி வரியைப் படித்ததும் உன் முகத்தில் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின நாளே ரேடியோ கேட்டிருந்தேன். யாருக்கு எழுதியிருக்கிறாய் என்று உடனே புரிந்தது.

செவ்வாய் சாயங்காலம் கில்போ பேசினார். அழுதுகொண்டே பேசினார். "என்கிட்ட ஆதாரம் இருக்கு, குடும்பத்துக் கடுதாசியே இருக்கு" என்று நான் எழுதியதை ஒவ்வொரு துண்டாக வாசித்தார். வாந்தி. அடுத்த தெருவில் நின்று அழுதது. கண்ணாடியில் ஒட்டிய சீட்டு. என் வார்த்தையை அந்த ஆள் வாயில் கேட்டேன். அதிகாரி கதவைச் சாத்தியதை மட்டும் வாசிக்கவில்லை.

அப்புறம் வரிசையாகப் போன் வந்தது. "உடைஞ்ச பூட்டை மாத்துங்கப்பா." "இத்தனை நாளா நம்மள ஏமாத்திட்டானே பாவி." "அவனுக்கு என்னாச்சோ" என்று ஒரு கிழவி கேட்டாள், விளம்பரம் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை நம் கேட்டில் உடைத்த பூட்டு ஒன்று தொங்கியது. அம்மாதான் பார்த்தாள். மேற்பார்வையாளன் என்னைத் திரும்பக் குளிரறைக்கு அனுப்பிவிட்டான்.

சனிக்கிழமை அவனை ஆட விடவில்லை. கணுக்கால் வலி என்று கல்லூரி அறிக்கை விட்டது. அந்தப் பொடியன் ஆடினான். வென்றோம், நீ கேட்டிருப்பாய். அவன் பந்தைப் பிடுங்கியபோது மைதானம் முழுக்கப் பூட்டுச் சத்தம். ஜாவோரிஸ் டீவி முன்னால் உட்கார்ந்து தன் பூட்டைச் சொடுக்கிக்கொண்டே இருந்தான்.

திங்களன்று நகரத்துப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மூளைக்கு மேல் ரத்தம் கட்டியிருக்கிறது, பழையதும் புதியதுமாக. "இன்னும் ஒரு அடி விழுந்திருந்தா என்கிட்ட வந்திருக்க மாட்டீங்க" என்றார் டாக்டர். உயிர் தப்பிவிட்டது, அண்ணா. மற்றது எவ்வளவு திரும்பும் என்று அவருக்குத் தெரியவில்லை.

சோதனையில் ஏமாற்றியதற்காக உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். மற்ற மூன்று பூட்டும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

ரேடியோவுக்கு விஷயம் உன்னிடமிருந்து போனது என்று அவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். உன் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

தங்கை,
ரோனெல்


13 டிசம்பர் 2009

அன்புத் தங்கைக்கு,

நலம். அம்மாவை முழு மாத்திரை விழுங்கச் சொல்.

கூடம் மாற்றிவிட்டார்கள், முகவரியில் 'தனியறை' என்று போடு. இங்கே ரேடியோ இல்லை, நிம்மதி. கடிதத்தை வெளியே கொண்டுபோய் வாசித்ததற்காகக் கில்போவைக் காவல் கோபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மழை, வெயில், கொசு. அவருடைய நண்பர்கள் என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

வக்கீல் பேச்சை வீட்டில் இனி எடுக்க வேண்டாம்.

ஜாவோரிஸை ஒரு வரி எழுதச் சொல். திட்டி எழுதினாலும் சரி. திட்டினால் என்னை ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆல்சிட்


3 ஜனவரி 2010

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜாவோரிஸ் எழுதுவது. நீ சுகமா? அங்கே குளிரா? இங்கே எல்லாரும் சுகம். எழுது எழுது என்று அக்கா நச்சரித்தாள், அதனால் எழுதுகிறேன்.

நீ செய்தது துரோகம். நான் உனக்காக ஆடினேன். என் தலை என் தலை. கில்போ மாதிரி ஒரு ஆளிடம் என்னைக் கொடுத்துவிட்டாய். எண்பதாயிரம் பேர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், அதில் ஒருவன்கூட இப்போது தெருவில் நின்று பேசுவதில்லை. நான் இருந்திருந்தால் அந்தப் பந்தை நான் பிடுங்கியிருப்பேன். இதை மன்னிக்கமாட்டேன். சாகும் வரை மன்னிக்கமாட்டேன்.

அக்கா பீன்ஸ் தாளிக்கிறாள். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜாவோரிஸ் எழுதுவது. நீ சுகமா? அங்கே குளிரா? இங்கே எல்லாரும் சுகம். எழுது எழுது என்று அக்கா நச்சரித்தாள், அதனால் எழுதுகிறேன். உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன், தப்பு இருந்தால் சிரிக்காதே.

உன்மேல் எனக்குப் பெரிய கோபம் இருக்கிறது. ஏன் என்று அக்காவிடம் கேட்டு எழுதுகிறேன்.

உன் தம்பி,
ஜாவோரிஸ்